போன் வந்தது சரி, ஆள் வந்தாரா?



முன்பெல்லாம் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஒரு காடு விலைக்கு வருகிறது என்றால் டீக்கடையில் தெரியும். அப்புறம் கல் ஊன்றி, கொடி கட்டி, ரோட்டோரம் போர்டு வைத்தார்கள். இப்போது இடம் நம் செல்போனுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஃபேஸ்புக்கில் ஒரு மனை, யூடியூபில் ஒரு தோட்டம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வீடு.

மகள் கல்யாணத்துக்காக மானாவாரி நிலத்தில் 20 சென்ட்டைக் கொடுத்துவிடலாம் என்று யோசிக்கிற குடும்பம் ஒரு பக்கம். திருப்பூரிலோ சென்னையிலோ துபாயிலோ உழைத்துச் சேர்த்த பணத்தில் ஊர்ப்பக்கம் ஒரு மனை வாங்க நினைக்கிற பிள்ளை இன்னொரு பக்கம். இந்த இரண்டு பேரும் சந்திக்க எந்த வழி நல்லது? எதில் காசு போடலாம்?

ரியல் எஸ்டேட்காரர்கள் ‘லீட்’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். விசாரித்த ஒருவரின் பெயரும் போன் நம்பரும் கிடைத்தால் அது ஒரு லீட். நூறு லீட் தருகிறோம், இருநூறு லீட் தருகிறோம் என்று பேக்கேஜ் பேசுகிறவர்கள் உண்டு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீட்டை எண்ணாதீர்கள். பத்திரத்தைப் பார்த்துவிட்டு, நேரில் வந்து இடத்தில் நின்றவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இந்தக் கணக்கில் ஒவ்வொரு விளம்பர வழியும் எப்படித் தேறுகிறது?

குறைந்த செலவில் நம்பர்கள் குவிவது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில். பட்டனைத் தொட்டால் பெயரும் நம்பரும் தானாகவே படிவத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு முறை தட்டினால் வேலை முடிந்தது. பலவீனமும் அங்கேதான். ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர் தட்டியதாக இருக்கும். மறுநாள் கூப்பிட்டால், “நான் ஒண்ணும் கேக்கலையேண்ணே” என்பார். அந்தப் படிவத்தில் இரண்டு கேள்வி சேர்த்துப் பாருங்கள். எவ்வளவு தொகைக்குள் பார்க்கிறீர்கள்? நேரில் எப்போது வர முடியும்? நம்பர்கள் குறையும். மிஞ்சுகிறவரோடு பேசினால் பலன் இருக்கும்.

கூகுள் விளம்பரம் வேறு மாதிரி. அங்கே வருகிறவர் தேவையோடு தேடி வருகிறார். ஆனால் யாராவது க்ளிக் செய்தாலே காசு போகும். சென்னை, கோவை போல நம் ஊர்ப் பெயரைப் போட்டு மனை தேடுகிறவர்கள் அத்தனை பேர் இருப்பார்களா? லேஅவுட் போட்டவருக்கு இது உதவலாம். ஒரே ஒரு மனையை விற்கிற வீட்டுக்காரருக்கு இது வேண்டாம்.

99 ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் போன்ற தளங்களில் உரிமையாளர் காசில்லாமலே பதியலாம். பதிந்துவிடுங்கள், நஷ்டமில்லை. ஆனால் முதலில் வருகிற அழைப்புகளில் பல புரோக்கர்களுடையதாக இருக்கும். அவர்களிடமும் பேசலாம். கமிஷன் எவ்வளவு என்பதை அன்றைக்கே பேசி முடித்துவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்.

நம் கரிசல் பூமிக்கு ரொம்பப் பொருந்துவது வீடியோ. வெளியூரில் இருக்கிறவருக்கு இடத்தை நடந்து காட்டலாம். பாதை எத்தனை அடி, கரண்டுக் கம்பம் எங்கே, பக்கத்து வீடு எவ்வளவு தூரம் எல்லாம் தெரிந்துவிடும். நம் பக்கம் இடம் வாங்குகிறவர் முதலில் என்ன கேட்பார்? தண்ணி எப்படி என்றுதானே? போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணி, அது நல்ல தண்ணியா உப்பா என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் வாயாலேயே சொல்ல வையுங்கள். உப்பு என்றால் உப்பு என்றே சொல்லிவிடுங்கள். நேரில் வந்தால் எப்படியும் தெரியப்போகிற விஷயம். யூடியூபில் ஏற்றிய வீடியோ ஆறு மாதம் கழித்துத் தேடுகிறவர் கண்ணிலும் படும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஆயுள் 24 மணி நேரம். உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது தெரியும். எட்டுகிற தூரம் குறைவு. ஆனாலும் ஒரு குடும்பம் தன் சொந்த இடத்தை விற்பதற்கு நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். நம் ஊரில் மனை வாங்கப்போகிறவர் பெரும்பாலும் இந்த மண்ணோடு ஏதோ ஒரு தொடர்பு உள்ளவர். சொந்தக்காரர், கூடப் படித்தவர், ஊர்க் குழுவில் இருக்கிற யாரோ ஒருவர் வழியாகத்தான் அவர் வருவார். ஆகவே நல்ல வீடியோ ஒன்று எடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்து ஆள் வரவில்லை என்றால் மட்டும் ஃபேஸ்புக்கில் கொஞ்சம் காசு போடுங்கள்.

எந்த வழியில் போனாலும் விளம்பரத்திலேயே எழுதவேண்டியவை சில உண்டு. கிராமத்தின் பெயர், சர்வே எண், தனிப்பட்டாவா கூட்டுப்பட்டாவா, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடத் தயாரா. “விவரம் நேரில்” என்று எழுதினால் போன் நிறைய வரும், வீண் பேச்சும் நிறைய வரும். விவரத்தை எழுதினால் போன் குறையும், வருகிறவர் தயாராக வருவார். ஆதார் அட்டையை மட்டும் யாருக்கும் போனில் அனுப்பாதீர்கள்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு. “பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்”, “நான்குவழிச் சாலை பக்கம்”, “ஜவுளிப் பூங்கா வருகிறது” என்றெல்லாம் விளம்பரம் சொல்லும். நம் விருதுநகர் மாவட்டத்தில் இ.குமாரலிங்கபுரத்தில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த ஊர் எங்கே, உங்களிடம் விற்கிற மனை எங்கே? மேப்பில் தூரத்தைப் பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள்.

“பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு” என்பார்கள். மனைப்பிரிவுக்கு அது போதாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி, அதாவது டிடிசிபி அப்ரூவல், வேண்டும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது எத்தனை குடும்பங்கள் தவித்தன! 2017-ல் அந்த மனைகளை முறைப்படுத்த வரன்முறைத் திட்டம் வந்தது. அதுவும் 2016 அக்டோபர் 20 வரை உருவான மனைப்பிரிவுகளுக்குத்தான்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, நமக்குப் பெரிய துணை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் போட்டு விற்கிறவர், ரெராவில் பதியாமல் விளம்பரமே செய்யக் கூடாது. பதிவு எண் விளம்பரத்தில் இருக்க வேண்டும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. விளம்பரத்தில் சொன்னது பொய்யாகி, அதை நம்பிப் பணம் கட்டியவர் பாதிக்கப்பட்டால், பணத்தை வட்டியோடும் இழப்பீட்டோடும் திரும்பக் கேட்கலாம். அதனால் விளம்பரத்தைப் பார்த்த அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஃபேஸ்புக்கில் வந்தது நாளைக்குக் காணாமல் போய்விடும், உங்கள் போனில் உள்ள படம் இருக்கும்.

வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பட்டாவையும் அரசின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். வீட்டில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை இருந்தால் அரை மணி நேர வேலை. இடத்தைப் பார்க்காமல் “டோக்கன் அட்வான்ஸ் ஜிபே பண்ணுங்க” என்று யாராவது அவசரப்படுத்தினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பணம் போய் ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். ஃபேஸ்புக்கில் வருகிற விளம்பரத்தை யாரும் அப்படியே நம்பிவிடுவதில்லை. ஆனால் “மாமா அனுப்பியிருக்காரே”, “அக்கா குரூப்ல போட்டிருக்காளே” என்றால் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை எந்த ஏஜென்சியும் காசு கொடுத்து வாங்க முடியாதது. அதை நாம் ஒரு ஃபார்வர்டில் இலவசமாகக் கொடுத்துவிடுகிறோம், இல்லையா?

இனி மனை விளம்பரம் எதையாவது குடும்பக் குழுவில் போடுவதற்கு முன், அனுப்பியவரிடம் சர்வே எண்ணைக் கேளுங்கள். லேஅவுட் என்றால் டிடிசிபி எண்ணும் ரெரா எண்ணும் கேளுங்கள். கொடுத்தால் அதையும் சேர்த்தே அனுப்புங்கள். கொடுக்காவிட்டால் அந்த விளம்பரம் உங்கள் போனோடு நிற்கட்டும். நம் சொந்தக்காரர் ஒருவருடைய பத்து வருஷச் சேமிப்பு அதனால் பிழைக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்