செத்த காலேஜுக்கு உயிர் வரட்டும்!

எழும்பூர் பாந்தியன் ரோட்டில் அடிக்கடி நடக்கும் காட்சி இது.

பள்ளிக்கூட பஸ் ஒன்று வந்து நிற்கிறது. யூனிபாரம் போட்ட ஐம்பது, அறுபது பிள்ளைகள் திபுதிபுவென்று இறங்குகிறார்கள். வாத்தியார் தலைகளை எண்ணுகிறார். "லைன்ல நில்லு! எதையும் தொடாதே! பேசாதே! நட, நட!"

கல் சிலை, வெண்கலச் சிலை, பாடம் செய்த மிருகங்கள், திமிங்கில எலும்புக்கூடு எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. வெளியே வந்ததும் ஐஸ் வண்டியைச் சுற்றி ஒரே மொய்ப்பு. மறுபடியும் தலை எண்ணிக்கை. பஸ் புறப்பட்டாச்சு!

மறுநாள் வகுப்பில், "நேத்து மியூசியத்துல என்னடா பார்த்தே?" என்று கேட்டால், "சிலை சார்... எலும்பு சார்..." என்பான் பையன். அத்தோடு சரி!

இதில் குற்றவாளி யார்? பையன் மேல் கேஸ் போட முடியாது. கேள்வி இல்லாமல் உள்ளே போனவன் பதில் இல்லாமல்தான் திரும்பி வருவான்.

பிறந்த இடம் எது?

பழைய மெட்ராஸ்காரர்கள் எழும்பூர் மியூசியத்துக்கு வைத்த பெயர் "செத்த காலேஜ்". மிருகக்காட்சி சாலைக்கு "உயிர் காலேஜ்". கிண்டல்தான். ஆனால் இரண்டிலும் "காலேஜ்" இருப்பதைக் கவனிக்க வேண்டும். படிப்பறிவில்லாத ஜனங்கள்கூட அதைப் படிக்கும் இடம் என்றே நினைத்தார்கள்.

நினைத்ததில் தப்பும் இல்லை. 1851-ல் இந்த மியூசியம் ஆரம்பமானதே நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில், செயிண்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டிடத்தின் மாடியில்தான். முதலில் பொறுப்பேற்றவர் எட்வர்டு பால்பர் என்ற டாக்டர். கையில் இருந்த சரக்கு 1,100 கல் மாதிரிகள். 1854-ல்தான் எழும்பூருக்குக் குடிவந்தது. அது பிறந்த நுங்கம்பாக்கம் வளாகத்தில் இன்றைக்கு இருப்பது என்ன தெரியுமா? பள்ளிக் கல்வித் துறையின் தலைமை அலுவலகம்!

பள்ளிக்கூடமும் மியூசியமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இப்போது வருஷத்துக்கு ஒரு தரம், முக்கால் மணி நேரம் மட்டும் பார்த்துக்கொள்கின்றன.

துப்பு துலக்கட்டும்!

கொள்ளை நடந்த வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் போகிறார். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டா வருவார்? பூட்டு உடைந்தது உள்ளேயிருந்தா, வெளியேயிருந்தா? காலடி எந்தப் பக்கம் போகிறது? மனசில் கேள்வியோடு பார்ப்பதால்தான் அவர் கண்ணுக்குத் தடயம் தெரிகிறது. மியூசியம் முழுக்கத் தடயங்கள்தான். பிள்ளைகள் கையில் கேள்வியைக் கொடுக்க வேண்டியது பள்ளிக்கூடத்தின் பொறுப்பு.

"இந்தச் சிலை எந்த நூற்றாண்டு?" என்பது கேள்வி அல்ல. பக்கத்தில் இருக்கும் அட்டையைப் பார்த்து காப்பி அடித்துவிடுவான். சிலையை நிமிர்ந்தே பார்க்க மாட்டான்.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "வெண்கலச் சாமி சிலைகளின் பீடத்தில் ஓட்டைகள் இருக்கின்றனவே, அவை எதற்கு?"

பையன் குனிந்து பார்ப்பான். தலையைச் சொறிவான். திடீரென்று பொறி தட்டும். "எங்க கோயில்ல சாமி வீதிக்கு வருமே... கழி கோத்து, கயிறு கட்டித் தூக்குவாங்களே, அதுக்கா சார்?" அதற்கேதான்! கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் சாமி ஒரு காலத்தில் தெருவில் ஊர்வலம் வந்த சாமி என்பது அவனுக்குச் சாகும் வரை மறக்காது.

அமராவதிச் சிற்பங்களுக்கு வருவோம். ஆந்திராவின் குண்டூர் பக்கத்திலிருந்து வந்த சுண்ணாம்புக் கல் பலகைகள். சிலவற்றில் எல்லோரும் வணங்கி நிற்பார்கள். நடுவில் ஆசனம் மட்டும் இருக்கும். ஆள் இல்லை! "ஆள் எங்கே? யாருக்காக அந்த ஆசனம்?" என்று கேட்டால் போதும். புத்தருக்கு உருவம் செதுக்காமல், ஆசனமும் பாதச் சுவடும் வைத்துக் காட்டிய காலம் ஒன்று உண்டு என்பது தானாக வெளியே வரும்.

இன்னொன்று. 1863-ல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். ஆதி மனிதன் செய்த கருவி அது! அவர் சேர்த்த கற்கருவிகள் எழும்பூரில் இருக்கின்றன. "இந்தக் கல் தானாக உடைந்ததா, ஒருத்தன் செதுக்கியதா? எப்படிச் சொல்வாய்?" என்று கேளுங்கள். சில்லு சில்லாகத் தட்டி ஓரத்தைக் கூராக்கியிருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

கணக்கு வாத்தியாருக்கும் வேலை உண்டு!

மியூசியம் என்றால் சரித்திர வாத்தியார் சமாசாரம் என்று கணக்கு வாத்தியார் ஒதுங்க வேண்டியதில்லை. பழைய காசுகளைக் காட்டிவிட்டு வகுப்பில் ஒரு கணக்கு போடலாம். ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 12 தம்பிடி. ஒரு சாமான் 2 அணா 9 தம்பிடி. 7 சாமான் என்ன விலை? விடை 1 ரூபாய், 3 அணா, 3 தம்பிடி. தாத்தாவைக் கேட்டால் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். 1957-ல் நயா பைசா வந்தபோது கடைக்காரர்கள் ஏன் திண்டாடினார்கள், பத்துப் பத்தாகப் பெருக்குவதில் என்ன சௌகரியம் என்பதெல்லாம் ஒரே கணக்கில் விளங்கிவிடும்.

திமிங்கிலம் எவ்வளவு நீளம்? அட்டையைப் பார்க்கக் கூடாது. காலடி வைத்து அளந்து வரட்டும். மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் அதே நீளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதன் மேல் வகுப்பையே வரிசையாக நிற்க வைக்கட்டும். எத்தனை பேர் நிற்கிறார்கள்? எந்தப் புத்தகமும் தராத பிரமிப்பு அதில் வரும்.

"எங்க கஷ்டம் உங்களுக்கென்ன தெரியும்?"

வாத்தியார்கள் இப்படிக் கேட்பது நியாயம்தான். ஒரு வகுப்பில் நாற்பது பேர். பாடத்தை முடிக்க வேண்டும். பஸ்ஸுக்குப் பணம், பெற்றோர் சம்மதக் கடிதம், ஒரு பிள்ளை காணாமல் போனால் யார் ஜவாப்? தலையை எண்ணுவதற்கே பொழுது சரியாகிவிடுகிறது.

ஆனால் கேள்வி தயாரிக்க அரசாணை வேண்டாம். வாத்தியார் ஒரு நாள் முன்னாலேயே தனியாகப் போய் வர வேண்டும். வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, மற்ற நாளில் போகலாம். பத்தே கேள்வி, ஒரு தாள். ஐந்து பேருக்கு ஒரு குழு, குழுவுக்கு இரண்டு கேள்வி. எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். நாலு பொருளை நன்றாகப் பார்த்தால் போதும். கையில் வேலை இருக்கும் பிள்ளை ஓடவும் மாட்டான், தொலையவும் மாட்டான்.

பஸ்ஸுக்கு வழியில்லாத பள்ளிக்கூடம்? வீட்டிலிருந்து பழசாக ஒரு பொருள் கொண்டு வரச் சொல்லட்டும். படி, உழக்கு, செப்புக் குடம், பழைய ரேஷன் கார்டு எதுவானாலும் சரி. மேஜை மேல் வைத்துக் கேள்வி கேட்டால் அந்த மேஜையே மியூசியம்!

பஸ்ஸர் போட்டி வேண்டாம்!

ஒரு எச்சரிக்கை. இதையும் "வினாடி வினா" போட்டியாக்கி, பஸ்ஸர் வைத்து, கப் கொடுத்துக் கெடுத்துவிடக் கூடாது. அப்புறம் பர்ஸ்ட் ராங்க் பையன் வருஷங்களை உருப்போட்டு வந்து கப்பைத் தூக்கிப் போவான். கடைசி பெஞ்ச் பையன் கை தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பான்.

பீடத்து ஓட்டையைச் சொல்லப் போவது பெரும்பாலும் அந்தக் கடைசி பெஞ்ச் பையன்தான். சாமி தூக்கும் தெருவில் வளர்ந்தவன் அவன். கல் உடைக்கிறவர் மகனுக்குக் கற்கருவி புரியும். மளிகைக்கடைக்காரர் மகளுக்குக் காசுக் கணக்கு வரும். பரீட்சையில் பின்னால் நிற்கும் பிள்ளை "எனக்கும் தெரியும்" என்று ஒரு தடவை எழுந்து நிற்க இடம் கிடைக்கிறதே, அதற்காகவாவது செய்ய வேண்டும்.

இந்த நகரத்தில் பல பிள்ளைகளுக்கு மியூசியப் பயணம் பள்ளி வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறையும் ஐஸ் வண்டியோடு முடிந்தால் நஷ்டம் யாருக்கு?

அடுத்த தடவை பஸ் ஏறும் முன்னால் வாத்தியார் ஒரு தாளை நீட்டட்டும். அதில் பத்து கேள்வி இருக்கட்டும். செத்த காலேஜ் தானாக எழுந்து உட்காரும்!