அவர்கள் நடக்கும் பாதையை வெட்டியது யார்?

தோழர்களே, ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ நடைபாதைக்கு இப்போது நல்ல பேர். வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைப் பாதை என்கிறார்கள். தொரை மண்வெட்டி பிடித்ததை நம் பாட்டன்மார் யாரும் பார்த்ததில்லை. கல் உடைத்ததும் மூட்டை சுமந்ததும் நம் ஆட்கள்.

கூடையோடு நிற்கும் அக்காமாரை வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும், விருந்தாளியோடு நமக்குச் சண்டையில்லை. என் மாணவர்கள் பயமில்லாமல் ஆங்கிலம் பேசுவதே அவர்களோடுதான்.

ஆனால் போன மழைக்காலம் எங்கள் டிவிசனில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் இறங்கினோம். அம்புலன்ஸ் ஏற ரோட்டு இல்லை. நடக்க வருகிறவர்களுக்குப் பாதை துப்புரவாக்க மட்டும் ஆள் வருகிறது.

“வீட்டில் அறை வாடகைக்கு விடலாமே” என்கிறார்கள் கூட்டத்துக்கு வரும் ஐயாமார். எந்த வீட்டில்? காணி 1992 முதல் கம்பனிகளின் குத்தகையில். உறுதியில்லாத லயக் காம்பராவுக்கு எந்த வங்கி கடன் தரும்? தேத்தண்ணிக் கடை போடவும் தொரையிடம் கையேந்த வேண்டும்.

காணி உறுதி, ரோட்டு, வழிகாட்டி வேலையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலிடம். இம்மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதி, கையெழுத்து வாங்கிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.