ராபின்ஸ் சொன்னது இருக்கட்டும்

உங்கள் வீட்டில் காமர்ஸ் குரூப் எடுத்துப் படிக்கிற பிள்ளை இருக்கிறதா? கொஞ்சம் கூப்பிடுங்கள். ‘பொருளியலுக்கு இலக்கணம் சொல்லு’ என்று கேளுங்கள். ஆடம் ஸ்மித்தின் செல்வ இலக்கணம், மார்ஷலின் நல இலக்கணம், ராபின்ஸின் பற்றாக்குறை இலக்கணம், சாமுவேல்சனின் வளர்ச்சி இலக்கணம் என்று நாலையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும். பிளஸ் ஒன் பாடம். சபாஷ் சொல்லிவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

மார்க்கெட்டில் கீரை விற்கிற ஒரு அம்மா தண்டல் வாங்குகிறார். பேச்சு பத்தாயிரம். கையில் கிடைப்பது ஒன்பதாயிரம். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி எத்தனை சதவீதம்?

ஒரு கல்லூரியில் வணிகவியல் மன்றத் தொடக்க விழாவுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இதைத்தான் கேட்டேன். எதிரே மூன்றாம் ஆண்டு பி.காம். மாணவர்கள். ‘டென் பர்சென்ட் சார்!’ என்று கோரஸாகப் பதில் வந்தது. ஒரு பெண் மட்டும், ‘கையில வாங்கினது ஒன்பதாயிரம்தானே சார், அப்போ பதினொண்ணு’ என்றாள். பரவாயில்லை, கொஞ்சம் தேவலை. ஆனால், ‘நூறு நாளைக்கா, வருஷத்துக்கா?’ என்று திருப்பிக் கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

போட்டுப் பாருங்கள். அந்த அம்மா ஒன்பதாயிரத்தையும் நூறு நாள் வைத்திருக்கவில்லை. முதல் நாளே நூறு ரூபாய் திரும்பிப் போய்விடுகிறது. ஐம்பதாவது நாள் பாதிக் கடன் அடைந்துவிடுகிறது. ஆக, சராசரியாக அவர் கையில் இருந்த கடன் நாலாயிரத்து ஐநூறு சொச்சம்தான். அதற்கு வட்டி ஆயிரம் ரூபாய். நூறு நாளைக்கே சுமார் 22 சதவீதம். வருஷத்துக்கு ஏறத்தாழ 80!

இது அநியாய வட்டி என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். விடியற்காலை சரக்கு எடுக்க நாலு மணிக்கு எந்த பாங்க் கதவைத் திறக்கிறது? தெரிந்தேதான் வாங்குகிறார். மூணு வருஷம் வணிகவியல் படித்தவனுக்குத்தான் தெரியவில்லை.

விழா முடிந்து டீ குடிக்கும்போது ஒரு பேராசிரியர், ‘இதெல்லாம் சிலபஸ்ல இல்லையே சார்’ என்றார். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இருக்கிறது சார். நன்றாகவே இருக்கிறது. கணக்குப்பதிவியலில் ‘தேய்மானம்’ என்று ஒரு பாடம். ஒரு லட்ச ரூபாய் எந்திரம். தேய்மானம் பத்து சதவீதம். நேர்க்கோட்டு முறை என்றால் வருஷா வருஷம் அதே பத்தாயிரம். குறைந்து செல் மதிப்பு முறை என்றால் முதல் வருஷம் பத்தாயிரம், மீதி தொண்ணூறாயிரத்துக்கு அடுத்த வருஷம் ஒன்பதாயிரம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணை போட்டு எழுதாத காமர்ஸ் மாணவன் உண்டா?

மீதி குறையக் குறையக் கணக்கும் குறைய வேண்டும். இவ்வளவுதான் விஷயம். பாடப் புத்தகத்து எந்திரத்துக்கு மட்டும் இதைப் போடத் தெரிகிறது. காலேஜ் கேட்டுக்கு வெளியே, பைக் ஷோரூமில், ‘ஃப்ளாட் ரேட்’ என்ற பெயரில் இதே கணக்கு நேரெதிராக நிற்கிறபோது அடையாளம் தெரிவதில்லை.

ஊரைச் சொல்வானேன், நானே பி.காம்.தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பைக் வாங்கினேன். முப்பத்தாறாயிரம் கடன், ஒரு வருஷத் தவணை. ‘பன்னிரண்டு பர்சென்ட்தான் சார், ஃப்ளாட்’ என்றார் ஃபைனான்ஸ் கம்பெனி ஆள். நியாயமாகத்தான் பட்டது. வட்டி 4,320. மாதத் தவணை 3,360. சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டேன்.

கடைசி மாதம் நான் தர வேண்டிய அசல் மூவாயிரம் ரூபாய்தான். அதற்கும் முப்பத்தாறாயிரத்துக்கு உண்டான வட்டி 360 ரூபாயைக் கட்டினேன். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் பன்னிரண்டு சதவீதம்! மொத்தக் கடனையும் குறைந்து செல்லும் முறையில் போட்டால் வருஷ வட்டி இருபத்தொன்றரை சதவீதம். கம்பெனிக்காரர் பொய் சொல்லவில்லை, ‘ஃப்ளாட்’ என்று வாய் திறந்து சொன்னார். எனக்குத்தான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியவில்லை. தேய்மானக் கணக்கில் நான் முழு மார்க் வாங்கியவன் என்பதையும் இங்கே வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

இப்போது ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் தரும் தவணைக் கடன்களுக்கு, எல்லாச் செலவையும் சேர்த்த உண்மையான வருஷ வட்டி விகிதத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். சரி, தாள் வந்துவிட்டது. அதைப் படிக்கிற கண்ணை யார் கொடுப்பது?

கூட்டு வட்டி இன்னும் மோசம். எட்டாம் வகுப்பிலேயே சூத்திரம் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். 2022-ல் ஆருத்ரா விவகாரம் வெடித்ததே, நினைவிருக்கிறதா? மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி, ஒரு லட்சம் பேருக்கு மேல் சுமார் 2,438 கோடி ரூபாய் வசூலித்தார்கள் என்பது போலீஸ் கணக்கு. மாதம் 30 சதவீதத்தை அந்தச் சூத்திரத்தில் போடுங்கள். ஒரு லட்சம் ஒரே வருஷத்தில் 23 லட்சத்தைத் தாண்டுகிறது. எந்த வியாபாரத்தில் ஐயா இவ்வளவு லாபம் வரும்? பணம் கட்டிய வீடுகளில் எத்தனை வீட்டில் பி.காம். படித்த பிள்ளை இருந்திருக்கும்! ஒரு கால்குலேட்டர் போதுமே.

‘பொருளியல் என்பது பெரிய சாஸ்திரம், அதை வீட்டுக் கணக்காகச் சுருக்காதே’ என்று சில பெரியவர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். ராபின்ஸைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, ஐயா. 1932-ல் அவர் சொன்னதே என்ன? ஆசைகள் நிறைய, கையில் இருப்பது கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தையும் பல வழிகளில் செலவழிக்கலாம், எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பிரச்னை. என் 3,360 ரூபாய் கதையைத்தானே அவர் சொல்கிறார்! மாதா மாதம் அது பைக்குக்குப் போனதால் வேறு எதற்குப் போகவில்லை என்று நான் யோசித்திருந்தால், அதற்குப் பெயர் வாய்ப்புச் செலவு. நமக்கு அது இரண்டு மார்க் கேள்வி. விடை இரண்டு வரிக்கு மேல் போனால் நேரம் வீண் என்று டியூஷனில் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

வினாத்தாள் தயாரிக்கிறவர்கள் மனசு வைத்தால் போதும். ‘எக்ஸ் நிறுவனம் எந்திரம் வாங்கியது’ என்று ஆரம்பிக்கிற கேள்வியை ஒரே ஒரு வருஷம், ‘மாணவர் ஒருவர் தவணையில் செல்போன் வாங்கினார்’ என்று ஆரம்பித்துப் பாருங்கள். கேள்வி மாறினால் நோட்ஸ் மாறும். நோட்ஸ் மாறினால் டியூஷன் தானாக மாறும். புதுப் புத்தகம், புது வாத்தியார், கமிட்டி எதுவும் வேண்டாம்.

நீங்கள் கூப்பிட்ட பிள்ளை பாவம், இன்னும் நின்றுகொண்டிருக்கும். பீரோவைத் திறந்து உங்கள் டூவீலர் கடன் பேப்பரை எடுங்கள். அசல் எவ்வளவு, தவணை எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை மட்டும் காட்டுங்கள். வட்டி விகிதம் எழுதியிருக்கிற இடத்தைக் கட்டை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்.