அமெரிக்காக்காரன் எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கானாம்!

நம்ம மக்கள் கிட்ட ஒரு தேய்ஞ்ச ரெக்கார்டு இருக்கு. "அமெரிக்காக்காரனைப் பாருய்யா, அஞ்சாறு தலைமுறைக்கு முந்தின தாத்தன் பேரைக்கூட எழுதி வச்சிருக்கான். நெட்ல ரெண்டு க்ளிக், வம்சமே வந்து நிக்குது!" கூடவே ஒரு பெருமூச்சு வேற. இனிமே யாராவது இப்படி ஆரம்பிச்சா ஒரே ஒரு கேள்வி கேளுங்க. எந்த அமெரிக்காக்காரன்?

கான்சஸ் மாநிலத்தில் நிக்கோடெமஸ்னு ஒரு குட்டி ஊர். 1877-ல், கென்டக்கியிலிருந்து வந்த முன்னாள் அடிமைகள் உருவாக்கின ஊர். வெறும் புல்வெளி. வீடு கட்ட மரம் கிடையாது. மண்ணைத் தோண்டி அதுக்குள்ளே குடியிருந்தாங்க. 1888-ல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் போனதும் ஊர் தேய ஆரம்பித்தது. 1996-ல் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள்.

இந்த ஊர்க் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம். பின்னாலிருந்துதான் போகணும். 1900 சென்சஸில் பிறந்த மாசம், வருஷம் வரைக்கும் இருக்கு. 1890 சென்சஸ்? பெரும்பகுதி 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் நாசம். பரவாயில்லை, கான்சஸ் மாநிலமே தனியா எடுத்த 1885, 1895 கணக்கெடுப்புகள் கைகொடுக்கும். 1880-ல் குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவுன்னும் எழுதியிருக்கு. 1870-க்குக் கென்டக்கி போகணும். அங்கேயும் பேர் கிடைக்கும்.

அடுத்த படி 1860. டமார்னு சுவத்துல முட்டிக்க வேண்டியதுதான்.

1850, 1860 ரெண்டு சென்சஸிலும் அடிமைகளுக்குத் தனிப் படிவம். முதலாளி பேர் இருக்கும். அதுக்குக் கீழே வயசு, ஆணா பெண்ணா, நிறம். அடிமையின் பேரை எழுத அதில் கட்டமே கிடையாது. அதே ஊர், அதே வருஷம், அதே அரசாங்கம். முதலாளி வீட்டுக் கைக்குழந்தைக்குப் பேர் உண்டு. அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்தவளுக்குக் கிடையாது.

"படிப்பறிவில்லாத சனம், அதான் பதிவில்லை"ன்னு ஒரு அறிவாளி வருவார் பாருங்க. ஐயா, படிவத்தை நிரப்பினது கணக்கெடுக்க வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத சுதந்திர மனிதர்களைக் குறிக்க 1850 படிவத்தில் தனிக் கட்டமே இருந்தது. அவங்க பேரெல்லாம் பத்திரமா இருக்கே, எப்படி?

இன்னொண்ணும் கேளுங்க. 1850 சென்சஸுக்குத் தயாரித்த முன்வரைவில் அடிமைகளின் பேரைக் கேட்கும் கட்டம் இருந்தது. செனட்டில் தென்மாநில உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். பேர் போய் அந்த இடத்தில் எண் வந்தது. பொட்டி தட்டுற நம்ம பாஷையில் சொன்னால், இது டேட்டா தொலைஞ்ச கதை இல்லை. டேபிளை டிசைன் பண்ணும்போதே காலத்தைத் தூக்கின கதை. 1890 எரிந்தது விபத்து. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீங்க?

சரி, சுவரைத் தாண்டவே முடியாதா? சில பேர் தாண்டியிருக்காங்க. எப்படித் தெரியுமா? தன் பாட்டியைத் தேட, பாட்டியை வச்சிருந்த முதலாளி குடும்பத்தைத் தேடணும். கவுண்டி கோர்ட்டில் கிடக்கும் உயில், சொத்துப் பட்டியல், விற்பனைப் பத்திரம் எல்லாத்தையும் புரட்டணும். அங்கே பேர் இருக்கும். குதிரைக்கும் கலப்பைக்கும் நடுவுல, பக்கத்துல டாலரில் விலையோட. மனுஷியா எண்ணினப்போ பேர் தேவைப்படலை. சொத்தா எண்ணினப்போ மட்டும் தேவைப்பட்டிருக்கு.

ஆக, "எழுதி வச்சிருக்கான்" என்பது பாதி உண்மை. யாரை எழுதணும்னு யாரோ ஒருத்தர் உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்கார். முதலாளியின் பேரன் தன் ஆறாவது தலைமுறையைக் கண்டுபிடிப்பது அவன் சாமர்த்தியம் இல்லை, அவனுக்காக நிரப்பி வைத்த படிவம். நிக்கோடெமஸ்காரர் மூணாவது தலைமுறைக்கு மேலே போக முடியாமல் நிற்பது அவர் அசட்டையும் இல்லை.

அந்தப் பெருமூச்சை விடுறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை நினைச்சுக்கோங்க மக்களே. எதிர்ப்பதிவு போடுறவங்க தாராளமா போடுங்க. அந்த 1860 படிவத்தில் ஒரு பக்கத்தைப் பார்த்துட்டு வந்து போடுங்க.