அழுக்கு நுரை எது?

இங்கிலீஷ் துரைமார் ஏழைகளை ஏசுவதற்கென்று வைத்திருக்கும் சொற்களில் ஒன்று 'ஸ்கம்'. கழிசடைகள், எதற்கும் உதவாதவர்கள் என்று அர்த்தம். ஆனால் அந்தச் சொல் பிறந்த இடம் அடுப்படி. கொதிக்கிற பாத்திரத்தில் மேலே திரளும் அழுக்கு நுரைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். வெல்லம் காய்ச்சும் தோழர்களுக்கு நாம் இதை விளக்க வேண்டியதில்லை. வழித்து எறியாவிட்டால் வெல்லம் கெட்டுவிடும்.

மேலே மிதப்பதன் பெயரை அடியில் கிடந்து உழைப்பவன் தலையில் கட்டியது எப்படி?

1813 ஜூன் 21ல் ஸ்பெயின் நாட்டு விட்டோரியாவில் வெல்லிங்டனின் பட்டாளம் பிரெஞ்சுப் படையை முறியடித்தது. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை எதிர்த்து நின்ற அதே வெல்லெஸ்லிதான் இவர். குன்னூருக்குப் பக்கத்தில் இவர் பேரில் ஊரே இருக்கிறது. நெப்போலியனின் அண்ணன் ஜோசப், ஸ்பெயினில் சுருட்டிய செல்வத்தை வண்டி வண்டியாகப் போட்டுவிட்டு ஓடினான். மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி நின்ற சிப்பாய்கள் அதில் கை வைத்தார்கள். ஜூலை 2ல் வெல்லிங்டன் லண்டன் மந்திரிக்குக் கடிதம் எழுதினார்: சாதாரணச் சிப்பாய்கள் பூமியின் 'ஸ்கம்' என்று!

யார் அந்தச் சிப்பாய்கள்? தறி நின்றுபோன நெசவாளி, கூலி கிடைக்காத பண்ணையாள், அயர்லாந்து ஏழை. கொள்ளையடித்தது சரி என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் அதே வண்டிகளில் ஸ்பெயின் அரண்மனை ஓவியங்களும் இருந்தன. அவை வெல்லிங்டன் கைக்குப் போயின. திருப்பித் தருகிறேன் என்றார். ஸ்பெயின் மன்னர் நீரே வைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். 80க்கும் மேற்பட்ட படங்கள் இன்றும் லண்டனில் அவருடைய ஆப்ஸ்லி மாளிகையில் தொங்குகின்றன. ஜோசப்பின் வெள்ளி மூத்திரச் சட்டி ஒரு குதிரைப்படையிடம் சிக்கியது. அதன் வழிவந்த படையின் ஆபீசர்கள் அந்தச் சட்டியில் சாம்பேன் ஊற்றிக் குடிப்பதைப் பெருமையாகக் கொண்டாடுகிறார்கள். சிப்பாய் காசை எடுத்தால் கழிசடை. ஆபீசர் சட்டியை எடுத்தால் பாரம்பரியம்!

1831ல், சண்டையெல்லாம் முடிந்து ஓய்ந்த பிறகும், வெல்லிங்டன் அதே சொல்லைத்தான் சொன்னார். அந்த ஆட்களைக்கொண்டு இவ்வளவு சாதிக்க முடிந்ததே ஆச்சரியம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பட்டாளத்தில் ஆபீசர் பதவி விலைக்கும் விற்ற சரக்கு. 1871ல்தான் அந்த வியாபாரம் ஒழிந்தது. 1793ல் வெல்லிங்டன் லெப்டினன்ட் கர்னல் ஆனதும் அண்ணன் கொடுத்த பணத்தில்தான்.