‘நம்ம ஊருக்குச் சரிப்படாது’ என்கிறவர்களுக்கு

மின்சாரக் கார் வாங்கலாமா என்று யாராவது வாயைத் திறந்தால் போதும். கல்யாணப் பந்தியிலும் சரி, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலும் சரி, தீர்ப்பு ஒன்றுதான்: “நம்ம ஊருக்கு அதெல்லாம் சரிப்படாது சார்.” காரணங்களும் கைவசம் இருக்கும். சார்ஜ் போட இடம் கிடையாது, கரண்ட் பில் எகிறிவிடும், மழையில் ஷாக் அடிக்கும், ஊருக்குப் போனால் நடுவழியில் நின்றுவிடும், மூன்று வருஷத்தில் பேட்டரி போய்விடும். ஒவ்வொன்றிலும் துளி உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் இந்தப் பேச்சு இத்தனை காலம் ஓடுகிறது. துளி எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.

முதலில் இடம். “பங்க் மாதிரி தெருவுக்குத் தெரு சார்ஜிங் ஸ்டேஷன் எங்கே இருக்கு?” என்பது பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவரின் கேள்வி. சென்னைக்குள் தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஆகிற செலவு ஆறேழு யூனிட். ஏசிக்கும் கீசருக்கும் இருக்கிற அதே 15 ஆம்பியர் பாயின்ட்டில், காரோடு கிடைக்கும் போர்ட்டபிள் சார்ஜரைச் செருகினால் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். ராத்திரி பத்து மணிக்குச் செருகினால் நள்ளிரவு தாண்டியதும் அன்றைக்கு ஓடியது திரும்பிவிடும். விடியும்வரை விட்டால் சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆகும். நடுவில் கரண்ட் போனால்? பெரும்பாலான கார்களில், வந்ததும் அதுபாட்டுக்குத் தொடரும்.

உண்மையான சிக்கல் யாரும் பேசாத ஒன்றில் இருக்கிறது: எர்த். பழைய வீடுகள் பலவற்றில் பிளக்கின் மூன்றாவது ஓட்டை பெயருக்குத்தான். மிக்ஸியும் வாஷிங் மெஷினும் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். கார் சார்ஜர் ஓடாது. செருகியதும் எர்த்தைச் சோதிக்கும். சரியில்லை என்றால் சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டு சும்மா கிடக்கும். வண்டி வந்த மறுநாளே கெட்டுப்போச்சு என்று ஷோரூமுக்கு போன் போட்டுக் கத்துகிறவர்கள் உண்டு. எலக்ட்ரீஷியன் வந்து எர்த் குழியைத் தோண்டி, உப்பும் கரியும் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் பல வீடுகளில் விளக்கு பச்சைக்கு வந்துவிடும். கோடையில் குழி காய்ந்தால் மறுபடியும் தண்ணீர் கேட்கும். மீட்டர் போர்டிலிருந்து தனி ஒயர், தனி எம்சிபி, ஆர்சிசிபி பாதுகாப்பு சுவிட்சுகள் என்று இழுத்துவிடுவது நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். எட்டு மணி நேரம் விடாமல் 13, 14 ஆம்பியர் இழுத்தால் கடையில் வாங்கும் சாதாரணப் பெட்டி உருகித்தான் போகும்.

எர்த்தைவிடப் பிடிவாதமானது அபார்ட்மென்ட் அசோசியேஷன். வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கிற இணைப்பிலிருந்தே சொந்தக் காருக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. செயலாளர் முதலில் “ஃபயர் சேஃப்டி” என்பார். பிறகு, “உங்களுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க” என்பார். இரண்டாவது நியாயமான கவலை. இருபது கார் ஒரே நேரத்தில் 3 கிலோவாட் இழுத்தால் 60 கிலோவாட் ஆகிறது. கட்டடத்தின் லோடு தாங்குமா என்று பார்க்கத்தான் வேண்டும். அதற்கு முறை வைத்துக்கொள்ளலாம், கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்கலாம். முதல் ஆளையே தடுப்பது தீர்வாகாது.

தெருவோரம் நிறுத்துகிறவர்களின் நிலைமை வேறு. மயிலாப்பூர் சந்திலோ மதுரை மாசி வீதியிலோ கார் எங்கே நிற்கும் என்பதே தினம் மாறுகிறபோது பிளக் பாயின்ட்டுக்கு எங்கே போவது? அவர்களுக்கு ‘சரிப்படாது’ என்பது இன்றைக்கு உண்மைதான். அதை ஊருக்கே பொதுவாக்குவதைத்தான் மறுக்கிறேன்.

கரண்ட் பில்லுக்கு வருவோம். நம் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அடுக்கடுக்காக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் மானியமும் குறையும். இது பயமுறுத்துவது வாஸ்தவம். மோசமான நிலையையே எடுத்துக்கொள்வோம்: காருக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மேலடுக்கு விலையான ஏறத்தாழ 12 ரூபாய். சார்ஜில் வீணாவதையும் சேர்த்து யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு 2 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 60 காசுக்கு மேல். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், இரண்டு மாத பில்லில் 4,000 ரூபாய் கூடும். பங்க்கில் 13,000 ரூபாய் மிச்சமாகும். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கு மட்டும் வண்டி எடுக்கிறவர், காருக்குக் கூடுதலாகக் கொடுத்த விலையை இந்த மிச்சத்தில் திருப்பி எடுக்க முடியாது. அவர் பெட்ரோல் காரே வாங்கலாம்.

மழையில் ஷாக் அடிக்கும் என்பதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. சார்ஜரின் பிளக்கான ‘கன்’னைச் செருகி, காரும் சார்ஜரும் ஒன்றையொன்று சோதித்து முடித்த பிறகுதான் பெரிய முட்களில் மின்சாரமே வரும். கையில் பிடித்திருக்கும் கன்னில் ஒன்றும் இருக்காது. வெள்ளம் வேறு விஷயம். பேட்டரிக்கு ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்றுதான் அர்த்தம்; இரண்டு நாள் ஊறலாம் என்றில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்களே, அவற்றில் பெரும்பாலானவை பெட்ரோல், டீசல் கார்கள். தண்ணீருக்கு எல்லாக் காரும் ஒன்றுதான்.

நெடுஞ்சாலைதான் கடினமான கேள்வி. விளம்பரத்தில் போடும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். 45 யூனிட் பேட்டரிக் கார் நூறு கிலோமீட்டர் வேகத்தில் 250 போனால் நல்லது. சென்னையிலிருந்து மதுரை ஏறக்குறைய 460 கிலோமீட்டர். ஆகவே உளுந்தூர்பேட்டை பக்கம் ஒன்று, திருச்சி பக்கம் ஒன்று என்று இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டும். காலி பஸ்ஸில் முதல் முப்பது பேர் மளமளவென்று ஏறி, கடைசிப் பத்துப் பேர் இடித்துப் பிடித்து ஏறுகிற மாதிரி, பேட்டரியிலும் 80 சதவீதத்துக்கு மேல் ஏறுவது மெதுவாகிவிடும். எண்பதிலேயே கன்னைக் கழற்றிவிட்டுக் கிளம்புவதுதான் கெட்டிக்காரத்தனம்.

நிறுத்தும் இடத்தில் நடப்பதையும் மறைக்க வேண்டாம். சார்ஜர் முன்னால் யாரோ ஒருவரின் டீசல் கார் நிற்கும், டிரைவர் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அவரை எழுப்பி நகர்த்தியதும் அந்த நிறுவனத்தின் ஆப்பை இறக்கி, ஓடிபி வாங்கி, அதில் பணம் போட வேண்டும். போர்டில் 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும். பக்கத்துக் கன்னில் இன்னொரு கார் இருந்தால் நமக்கு 30தான் வரும். யூனிட் விலையும் வீட்டைவிட அதிகம், 20 ரூபாயை ஒட்டிப் போகும். தீபாவளிக்கு முந்தின நாள் ஜிஎஸ்டி ரோட்டில் வரிசை கட்டி நிற்பார்கள். அன்றைக்கு ரயிலே மேல். மற்ற நாட்களில் கூடுதலாக ஆவது ஏறத்தாழ ஒரு மணி நேரம், அதில் பாதி எப்படியும் சாப்பாட்டுக்கு நிற்கிற நேரம். நடுவழியில் நிற்பவர்கள் 5 சதவீதம் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று போகிறவர்கள். அடுத்த சார்ஜர் வேலை செய்யாவிட்டால் அதற்கடுத்தது வரை போகிற அளவுக்கு மிச்சம் வைத்துக்கொண்டால் அந்தப் பயம் போய்விடும்.

பேட்டரி மூன்று வருஷம்தான் என்ற பேச்சுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. நிசான் லீஃப் காரின் பேட்டரிக்கு நீர்மக் குளிரூட்டல் கிடையாது. 2012-இல் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் அது சீக்கிரமே கொள்ளளவை இழந்து பெரும் புகாரானது. இன்று இங்கே விற்கும் கார்களில் பல நீர்மக் குளிரூட்டலோடும், வெயிலைக் கூடுதலாகத் தாங்கும் எல்எஃப்பி பேட்டரியோடும் வருகின்றன. 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி என்பது சாதாரணமாகிவிட்டது. வழியில் செத்து நிற்கும் மின்சாரக் காரைப் பார்த்தால், பல சமயம் குற்றவாளி பானட்டுக்கு அடியில் இருக்கும் 12 வோல்ட் குட்டி பேட்டரிதான். பழைய கார்களிலும் இருந்த அதே பேட்டரி, விலை சில ஆயிரம்.

வாங்குவதாக முடிவு செய்துவிட்டால், ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, உங்கள் பார்க்கிங்கில் எர்த்தையும் லோடையும் பார்க்கச் சொல்லுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் அசோசியேஷன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை புக்கிங் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.