பத்து மூவ் மனப்பாடம், பதினோராவது மூவில் முழிப்பு!

அனுமந்தன்பட்டி மாதிரி ஒரு ஊரில் ஒரு பையன் செஸ் கற்றுக்கொள்வது எப்படி நடக்கிறது? காயை எப்படி நகர்த்துவது என்று சித்தப்பாவோ, பி.டி. வாத்தியாரோ சொல்லித் தருவார்கள். அதற்குப் பிறகு குரு யூடியூப்தான். சிசிலியன், கேரோ-கான், லண்டன் சிஸ்டம் என்று ஒரே மாதத்தில் ஏழெட்டு ஓப்பனிங் பெயர்கள் வாயில் வந்துவிடும். உத்தமபாளையம், சின்னமனூர் தாண்டித் தேனியில் ஏதாவது போட்டி என்றால் பஸ் ஏறிவிடுவான். அங்கே மூன்றாவது மூவிலேயே எதிராளி வீடியோவில் இல்லாத ஒன்றை ஆடுவான். முடிந்தது கதை!

உதாரணத்துக்கு இத்தாலியன் ஓப்பனிங்கை எடுத்துக்கொள்வோம். வெள்ளை இ4, கறுப்பு இ5. குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4. இப்போது கறுப்பு பிஷப்பை சி5-இல் வைக்கும், இல்லாவிட்டால் இன்னொரு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவரும் என்று பையன் படித்திருக்கிறான். எதிராளியோ ஓரத்துச் சிப்பாயை எச்6-க்குத் தள்ளுகிறான். வீடியோவில் இது கிடையாது. பையனுக்கு வியர்க்கிறது. "ஏதோ பெரிய ட்ராப் போல" என்று பயந்து அவனும் ஒரு ஓரத்துச் சிப்பாயைத் தள்ளுகிறான்.

எச்6 ட்ராப்பெல்லாம் இல்லை. ஒரு காயைக்கூட வெளியே கொண்டுவராமல் ஒரு மூவைச் செலவழித்திருக்கிறான், அவ்வளவுதான். வெள்ளை டி4 ஆடி நடுவை உடைக்கலாம், காஸ்லிங் செய்யலாம். இது புரிய பத்து வரி மனப்பாடம் வேண்டாம். பிஷப் ஏன் சி4-இல் நிற்கிறது (எஃப்7 சிப்பாயை ராஜாவைத் தவிர யாரும் காப்பாற்றவில்லை என்பதால்), நடுக்கட்டங்கள் ஏன் முக்கியம் என்று தெரிந்தால் போதும். நம்ம பிள்ளைகள் பொதுத்தேர்வுக்குப் படிக்கிற மாதிரியே செஸ்ஸையும் படிக்கிறார்கள். எதிராளி கேள்வித்தாளை மாற்றிவிடுகிறானே, என்ன செய்வது? :-)

இந்த இடத்தில் மொஹேஷ்சந்தர் பானர்ஜி என்ற வங்காளியைச் சொல்லியாக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற பலமான ஆட்டக்காரரோடு நிறைய ஆடியவர். நம் நாட்டுப் பழைய முறையில் சிப்பாய்க்கு முதல் மூவிலும் ஒரே கட்டம்தான். அந்தப் பழக்கத்தோடு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, பிஷப்பை ஓரமாக வைத்து அவர் ஆடியதிலிருந்துதான் 'இந்தியன் டிஃபென்ஸ்' என்ற பெயரே வந்தது. கைப்பழக்கம் முதலில், புத்தகம் பிறகு!

பஞ்சாபின் சுல்தான் கானும் அதே பழைய முறையில் வளர்ந்தவர்தான். இங்கிலாந்து போய் 1929, 1932, 1933 என்று மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். ஹேஸ்டிங்ஸ் 1930-31 போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபாப்ளாங்காவையே தோற்கடித்தார். ஓப்பனிங்தான் அவருடைய பலவீனம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். உண்மைதான். பெரிய ஆட்டக்காரர்களிடம் ஆரம்பத்திலேயே சிக்கலில் மாட்டிக்கொண்டு, பிறகு மிடில் கேமிலும் எண்ட் கேமிலும் மீண்டு வர வேண்டியிருந்தது. ஆக, ஓப்பனிங் வேண்டாம் என்பதற்கு அவர் சாட்சி இல்லை. முதலில் எது வேண்டும் என்பதற்குத்தான் சாட்சி.

நம்ம குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதுவரை கோச் விஷ்ணு பிரசன்னா அவரை கம்ப்யூட்டர் எஞ்சினைத் தொடவிடாமல் யோசிக்க வைத்தார். (அதற்காக ஓப்பனிங்கே படிக்கவில்லை என்று அர்த்தமில்லை!) 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன். இங்கேயோ காய் வெட்டுக் கொடுக்காமல் இருபது மூவ் தாண்டத் தெரியாத பிள்ளை, "எஞ்சின் இதைத்தான் சொல்கிறது" என்கிறான். ஏன் சொல்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

"சென்னைப் பிள்ளைகள் கோச் வைத்துத் தயாராகி வருகிறார்களே, ஓப்பனிங் தெரியாமல் போனால் பத்தே மூவில் சுருட்டிவிடுவார்களே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஆயிரக்கணக்கில் கட்டி ஆன்லைன் கோர்ஸ் வாங்க முடியாது. அதனால்தான் அந்தப் பிள்ளையின் நேரத்தை ஏழெட்டு ஓப்பனிங்கில் சிதறடிப்பது பாவம். வெள்ளைக்கு ஒன்று, கறுப்பில் இ4-க்கு ஒன்று, டி4-க்கு ஒன்று. மூன்று போதும். ஐந்தாறு மூவ் ஆழம், ஒவ்வொரு மூவுக்கும் காரணம். மீதி நேரமெல்லாம் புதிர்களுக்கும் ராஜா-சிப்பாய் எண்ட் கேமுக்கும். நாலு போட்டியில் தோற்றதும் "நமக்கு மூளை இல்லை" என்று போர்டை மடித்து வைக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் குறை மூளையில் இல்லை, படித்த வரிசையில்தான்.

நிதானமாக ஆடும் போட்டிகளில் மூவ்களை எழுதியே ஆக வேண்டும். அந்த ஸ்கோர் ஷீட்டின் நகலைத் தூக்கிப் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, தெரிந்த பாதை எந்த மூவில் முடிந்தது என்று வட்டம் போட்டு, அந்த ஒரு மூவுக்கு மட்டும் சரியான பதிலைத் தேட வேண்டும். ஒரு தோல்விக்கு ஒரு மூவ். இதற்குக் கோர்ஸ் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும்.